ஒரே மூச்சில் சொல்லும் சொல்

ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்லை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டும் மனிதன் ஒருவன் மத்திகிரியில் குடியிருந்தான். பெயர் சென்றாயன். மாட்டுப் பண்ணை மதிலை ஒட்டிப் போகும் தெருவில், எட்டு வீட்டு வரிசையில், மாடியில் மூன்றாவது வீடு அவனுடையது. கர்நாடக எல்லைக்குப் போகும் வழியில் ஒரு கிரானைட் பாலிஷ் ஷெட்டில் வேலை. மலைப்பாறையைப் பலகை பலகையாக அறுத்து, ஓரம் வெட்டி, கண்ணாடி போல மெருகேற்றிக் கப்பலுக்கு அனுப்பும் இடம் அது. சென்றாயன் ஓரம் வெட்டுகிறவன். கையில் பிடிக்கும் கிரைண்டரோடு பதினான்கு வருஷம் அங்கே நின்றான்.

சொந்த ஊர் ஊத்தங்கரைக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வங்கி வேலைக்கு மூன்று முறை பரீட்சை எழுதினான். மூன்று முறையும் ஆங்கிலத் தாள் காலை வாரியது. அந்த நாளில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கினான். அட்டை கிடையாது, முதல் நாற்பது பக்கமும் கிடையாது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கிரேக்க வேர்களும் லத்தீன் வேர்களும் வரிசையாகத் தொடங்கின. இருநூறு வேர் தெரிந்தால் பத்தாயிரம் சொல் தெரிந்த மாதிரி என்று அதில் போட்டிருந்தது. சென்றாயன் அதை அப்படியே நம்பினான். இருநூறையும் மனப்பாடம் செய்தான். வேலை கிடைக்கவில்லை. வேர்கள் மட்டும் தங்கிவிட்டன.

புத்தகத்தில் அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. அதைக் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வான். இங்கிலீஷ்காரன் வீட்டில் அன்றாடம் புழங்கும் பாத்திரம்தான் சொந்தம். விசேஷத்துக்கு எடுக்கும் பாத்திரமெல்லாம் இரவல். சோறு, தண்ணீர், மூச்சு, இருமல், சாவு எல்லாவற்றுக்கும் அவனிடம் சொந்தமாகச் சின்னச் சின்னச் சொல் இருக்கிறது. வக்கீலுக்கும் வைத்தியனுக்கும் பேசத்தான் லத்தீன்காரனிடமும் கிரேக்கனிடமும் போய் நிற்கிறான். நுரையீரலுக்குக்கூட அவனிடம் சொந்தச் சொல் உண்டு. அந்த நுரையீரலில் நோய் வந்தால் மட்டும் கிரேக்கச் சொல் வேண்டும்.

ஷெட்டில் அவனுக்கு டிக்ஷனரி என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வாயைக் கிளறுவார்கள்.

"ஏம்ப்பா டிக்ஷனரி, சூப்பர்வைசர்னா என்னா?"

"சூப்பர்னா மேல. வைஸ்னா பாக்கறது. மேல நின்னு பாக்கறவன்."

"கீழ எறங்கி வந்து பாக்கவே மாட்டானா?"

"அதுக்கு வேற வேரு வேணும்."

"கம்பெனின்னா?"

"காம்னா கூட. பேனிஸ்னா ரொட்டி. ஒண்ணா ஒக்காந்து ரொட்டி திங்கறவங்க."

அன்றைக்கு ஷெட் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகும்போதெல்லாம், "வாங்கடா, கம்பெனி நடத்தலாம்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

சொல்லை உடைப்பதோடு காகிதம் படித்துச் சொல்வதும் அவன் வேலையாகிவிட்டது. ஷெட்டில் எதைக் கொடுத்தாலும் ஆங்கிலத்தில்தான் கொடுப்பார்கள். நோட்டீஸ், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, கையெழுத்துக் கேட்கும் படிவம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் அவற்றை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு மத்திகிரிக்கு வந்துவிடுவார்கள். சென்றாயன் பிரித்துப் பார்த்து, இதில் கையெழுத்துப் போடு என்றால் போடுவார்கள். போடாதே என்றால் மாட்டார்கள். அவன் ஒரு முறையும் தவறாகச் சொன்னதில்லை.

நீளச் சொல்லுக்கு வருஷத்துக்கு ஒரு நாள்தான் வேலை. ஆயுத பூஜையன்று பூசணிக்காய் உடைத்து, ஒவ்வொரு கிரைண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைப் பொட்டலம் கொடுத்து முடித்ததும் மேனேஜர் ராஜேஷ்குமார் கைப்பேசியில் நேரம் வைப்பார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சென்றாயன் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வான்:

நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்காபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்.

ஆங்கிலத்தில் எழுதினால் நாற்பத்தைந்து எழுத்து. ஒரே மூச்சில் நான்கு முறை திருப்பிச் சொன்ன வருஷம் உண்டு. கைதட்டு அடங்கியதும் உடைத்துக் காட்டுவான். நியூமோன் என்றால் நுரையீரல், அல்ட்ரா என்றால் அப்பால், மைக்ரோ என்றால் சிறியது, ஸ்கோப் என்றால் பார்ப்பது, சிலிக்கோ என்றால் கல், வால்கேனோ என்றால் நெருப்பு மலை, கோனிஸ் என்றால் தூசி, ஓசிஸ் என்றால் நோய். கண்ணுக்குத் தெரியாத கல் தூசி நுரையீரலில் சேர்ந்து வரும் நோய். முதலாளி தலையை ஆட்டி ரசிப்பார். சுற்றி நிற்கும் நாற்பது பேரின் புருவத்திலும் காதிலும் மூக்கு முடியிலும் வெள்ளை மாவு படிந்திருக்கும். கல் தூசியை அங்கே மாவு என்றுதான் சொல்வார்கள். பதினான்கு வருஷம் அந்தச் சொல்லைக் கைதட்டுக்குச் சொன்னவனுக்கு, அது தன்னைப் பற்றிய சொல் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தண்ணீர் விட்டு அறுத்தால் மாவு பறக்காது, சேறாகி வழியும். ஆனால் சேறு காய நேரம் பிடிக்கும். அவசர ஆர்டர் என்றால் குழாயை மூடிவிட்டு அறுக்கச் சொல்வார்கள். அங்கே எல்லா ஆர்டரும் அவசர ஆர்டர்தான்.

மகள் ஸ்வாதிக்கு அந்தச் சொல்தான் மணி. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது செருப்புக்கு வார் போட்டுக்கொண்டே, "சொல்லுப்பா" என்பாள். அவன் ஒரு முறை சொல்லி முடிப்பதற்குள் ஒரு கால், இரண்டாவது முறைக்குள் மறு கால். மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் ஒரு நாள் அவளே ஜெயித்துவிட்டாள். இரண்டு காலும் முடிந்தபோது சென்றாயன் சிலிக்கோவிலேயே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, ஏமாத்தறியா?" என்றாள்.

மாடிப்படி பன்னிரண்டு. முதலில் எட்டில் நின்றான். பிறகு ஐந்தில் நின்றான். இருமலும் வந்தது. ஷெட்டுக்கு வாரம் ஒரு முறை வரும் டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு டி.பி. என்று எழுதினார். சளியில் கிருமி இல்லை என்று வந்த சீட்டைக் காட்டியபோது, "சில பேருக்குச் சளியில தெரியாது" என்றார். சென்றாயன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவன் கிரைண்டரில் அவன் மனைவி மாதேஸ்வரியின் தம்பி முத்துமணி நின்றான். ஐந்து வருஷத்துக்கு முன் முத்துமணியை ஷெட்டில் சேர்த்துவிட்டதும், கிரைண்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் சென்றாயன்தான்.

டி.பி. என்ற இரண்டு எழுத்து வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் மாறியது. மாதேஸ்வரி கத்தவில்லை, அழவில்லை. தட்டு, டம்ளர், போர்வை, சோப்பு எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தாள். அவன் தட்டுக்கு அடியில் ஆணியால் ஒரு கோடு கீறினாள். கீழ் வீட்டிலிருக்கும் வீட்டுக்காரம்மா வெங்கடம்மா படிக்கட்டின் கீழேயே நின்று கன்னடம் கலந்த தமிழில் பேசினாள்.

"நோடப்பா, நான் ஒண்ணும் கெட்டவ இல்ல. ஏழு வீட்டுல சின்னக் கொழந்தைங்க இருக்குது. தண்ணித் தொட்டிகிட்ட மட்டும் நீ வராத."

ஸ்வாதியை நாகரசம்பட்டியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தார்கள். கிளம்பும் அன்று அவள் படியிறங்கும்போது சென்றாயன் கதவுக்குள்ளேயே நின்றான். தொடக் கூடாது என்று மாதேஸ்வரி சொல்லியிருந்தாள். வார் போட்ட செருப்போடு திரும்பிப் பார்த்த பெண்ணுக்குச் சொல்ல அவனிடம் வேறு எதுவும் இல்லை. நீளச் சொல்லைத் தொடங்கினான். பாதியில் இருமல் வந்தது. மாதேஸ்வரி அவள் முகத்தைத் தன் முந்தானையால் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் சிவப்பு மாத்திரை சாப்பிட்டான். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. எடை பதினோரு கிலோ குறைந்தது. மூச்சு ஒரு படிகூடத் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டாலே மற்றவர்களுக்குத் தொத்தாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மாதேஸ்வரி நம்பியிருப்பாளா என்பது சந்தேகம்.

பெரியம்மாவின் கைப்பேசியில் வாரம் இரண்டு முறை ஸ்வாதி பேசுவாள்.

"ஒரே மூச்சுல சொல்லுப்பா."

சென்றாயன் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து மூச்சு வாங்கி, கிட்டே கொண்டுவந்து ஒரு துண்டு சொல்லி, மறுபடி தள்ளிப் பிடித்து, இப்படி நாலு துண்டாக முடிப்பான்.

"இது ஒரே மூச்சு இல்ல."

"ஒரே மூச்சுதான் கண்ணு. டவர் சரியில்ல."

"நான் எப்ப வர்றது?"

"வந்துடலாம்."

எப்போது என்பது சென்றாயனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அந்த இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு வேறு பெயர் எழுதிய காகிதம் ஒன்று கிடைக்கிற அன்று. படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகவே டவுன் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். நெஞ்சு நோய்ப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். படத்தைப் பார்த்தார், அவன் நகத்தைப் பார்த்தார்.

"எங்க வேல பாக்கறீங்க?"

சொன்னான்.

"எத்தன வருஷமா?"

அதையும் சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். சென்றாயன் மெதுவாகக் கேட்டான்: "மேடம், இது நியூமோனோ…" என்று தொடங்கி, மூன்று இடத்தில் நின்று, முழுச் சொல்லையும் சொன்னான்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "அது எங்க புத்தகத்துல கெடையாதுங்க. வார்த்த வெளையாட்டு வெளையாடறவங்க யாரோ, நீளமா இருக்கணும்னே சேத்துக் கட்டினது. நாங்க எழுதறது சின்ன வார்த்த. சிலிக்கோசிஸ்."

சிலிக்கோ, கல். ஓசிஸ், நோய். தான் பதினான்கு வருஷம் ஆடிக் காட்டியது யாரோ வேடிக்கைக்குக் கட்டிய சொல் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"தொத்துமாங்க?"

"தொத்தாது. தூசி உள்ள போனவங்களுக்கு மட்டுந்தான். அதே தூசியில வேற யாரெல்லாம் நிக்கறாங்களோ அவங்களுக்கும் வரும்."

"அப்ப அத எழுதிக் குடுத்துடுங்க மேடம். எங்க வீட்ல கொழந்தையக் கூட்டிட்டு வரணும்."

"எழுதிடலாம். ஆனா நீங்க இத்தன வருஷம் கல்லு அறுத்தீங்கன்னு கம்பெனி லெட்டர் வேணும். நான் எழுதினா கேள்வி வரும். நீங்க சொன்னீங்கன்னு மட்டும் எழுத முடியாது."

குணமாகுமா என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

காகிதத்தில் சென்றாயன் அந்த ஷெட்டின் ஆளே இல்லை. கான்ட்ராக்டரின் சுமை ஏற்றி இறக்கும் கூலியாள். கிரைண்டரைத் தொட்டதாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை. லெட்டர் கேட்டுப் போனபோது ராஜேஷ்குமார் அவனை அறைக்குள் கூப்பிடாமல், வராந்தாவில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். கைக்குட்டை மூக்கில் இருந்தது.

"லெட்டர் என்ன பெரிய விஷயம் சென்றாயா. மொதல்ல ஆயுத பூஜை முடியட்டும். இந்த வருஷம் கல்லு வாங்கற வெளிநாட்டு பையர் நேர்ல வர்றாங்க. உன்னப் பத்தி முதலாளி அவங்ககிட்ட சொல்லிட்டாரு. நீ வந்து அந்த வார்த்தய ஒரு தடவ சொல்லிடு. அப்புறம் டாக்டரையும் வச்சுக்கிட்டே பேசி, டி.பி. இல்லன்னு எழுதி வாங்கிடலாம்."

"இப்ப மூச்சு நிக்க மாட்டேங்குது சார்."

"ஒரு தடவதானப்பா. பதினாலு வருஷமா சொல்ற."

வீட்டில் மாதேஸ்வரி சொன்னாள்: "போய்ச் சொல்லிட்டு வாங்க மாமா. புள்ள வரட்டும்."

ஆயுத பூஜைக்கு இருபது நாள் இருந்தது. சென்றாயன் பயிற்சி எடுத்தான். ஆவி பிடித்துவிட்டுச் சொன்னான். படுத்துக்கொண்டு சொன்னான். சுவரில் முதுகு சாய்த்துச் சொன்னால் வால்கேனோ வரைக்கும் போனது. ஒரு நாள் முழுச் சொல்லும் ஒரே மூச்சில் முடிந்தது. அன்று முத்துமணிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். முத்துமணி வந்து, அக்காள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, "நீ கலக்கிடுவ மாமா" என்றான். சொல்லிவிட்டு இரண்டு தடவை இருமினான். மாவு இருமல், எல்லோருக்கும் இருப்பதுதான் என்று துடைத்துக்கொண்டான்.

பூஜையன்று ஷெட்டைக் கழுவித் தள்ளியிருந்தார்கள். எல்லாக் கிரைண்டருக்கும் தண்ணீர்க் குழாய் மாட்டியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண், நெற்றியில் குங்குமத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜேஷ்குமார் மைக்கில் அறிமுகம் செய்தார். பெண் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தயாரானாள்.

சென்றாயனுக்குப் புதுச் சட்டை. சட்டைக்குள் ஆள் இல்லாத மாதிரி தொங்கியது. மூச்சு வாங்கினான். மைக் அந்தச் சத்தத்தை ஷெட் முழுக்கக் கேட்க வைத்தது. கிழிசல் துருத்தியை இழுத்த மாதிரி ஒரு சத்தம். தொடங்கினான். நியூமோனோ போனது. அல்ட்ராமைக்ராஸ்காபிக் போனது. சிலிக்கோவில் அறுந்தது.

முன்வரிசையில் சிரித்தார்கள். வேடிக்கைக்காக வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெண் ஊக்கமாகக் கையை ஆட்டினாள். பின்னால் நின்ற நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"மறுபடி, மறுபடி" என்றார் ராஜேஷ்குமார், மைக்கை மூடிக்கொண்டு.

மறுபடியும் சிலிக்கோவில் அறுந்தது. இப்போது முதலாளியும் சிரித்தார். விருந்தாளிகள் ரசிப்பதைப் பார்த்து, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை அறும்போதும் சிரிப்பு அதிகமானது. நான்காவது முறை சென்றாயன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டே, துண்டு துண்டாக, கடைசி ஓசிஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தான். உதட்டு ஓரம் நீலமாகிவிட்டது. கைதட்டு பலமாக இருந்தது. வெளிநாட்டுப் பெண் எழுந்து நின்று தட்டினாள். முதலாளி அவனுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார், நீல மூடி போட்டது. முத்துமணி வந்து தாங்கிப் பிடித்து நடத்திப் போனான்.

பந்தி முடிந்ததும் ஷெட் டாக்டரின் அறையில் காகிதம் தயாராக இருந்தது. ராஜேஷ்குமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

"பாரு, டி.பி.ய எடுத்தாச்சு. இது தொத்தற நோய் இல்லன்னு கீழயே போட்டிருக்கு. பொண்ண நாளைக்கே கூட்டிட்டு வந்துடலாம். கீழ ஒரு கையெழுத்து போட்டுடு."

சென்றாயன் படித்தான். சிலிக்கோசிஸ் என்று தேடினான். இல்லை. இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ் என்று இருந்தது. பழக்கத்தில் மனசு தானாக உடைத்தது. ஃபைப்ரா, நார். ஓசிஸ், நோய். பல்மோ, லத்தீன்காரனின் நுரையீரல். இடியோஸ், தன்னுடையது. பேத்தோஸ், துன்பம். நுரையீரல் நாராகிப்போகும் நோய், எங்கிருந்தும் வராதது, அவனவனுக்குள்ளிருந்தே வந்தது.

"சார், இது என்னுதா தானா வந்துச்சுன்னுல்ல எழுதியிருக்குது."

"காரணம் தெரியலன்னு அர்த்தம்" என்றார் டாக்டர், தலையைத் தூக்காமல்.

"காரணம் தெரியுமேங்க."

ராஜேஷ்குமார் கதவைச் சாத்தினார். குரல் உயரவில்லை. "இங்க பாரு சென்றாயா. உனக்கு வேண்டியது தொத்தாதுன்னு ஒரு வார்த்த. அது இதுல இருக்கு. நீ கேக்கற வார்த்தய எழுதினா ஷெட்டுக்குச் சீல் வப்பாங்க. நாற்பது குடும்பம். ஒன் மச்சானும் அதுல ஒருத்தன். வேண்டாம்னா விடு, பழைய பேப்பரே இருக்கட்டும். வெளிய போய் வேற மாதிரி பேசினாலும் பழைய பேப்பர்தான் நிக்கும்."

அதே தூசியில் நிற்பவர்களுக்கும் வரும் என்று பெண் டாக்டர் சொன்னது சென்றாயனுக்கு நினைவு வந்தது. முத்துமணி இருமியதும் நினைவு வந்தது. இதில் கையெழுத்துப் போடாதே என்று வேறு எவனுக்கும் சொல்லியிருப்பான். ஹாட் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் நாள் ஸ்வாதி வந்தாள். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள். படியேறி வந்தவள் வாசலிலேயே நின்று, பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டாள். பெரியம்மா வீட்டில் நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

"வேணாம் கண்ணு, பேப்பர் வந்துடுச்சு" என்று சென்றாயன் காகிதத்தை நீட்டிக் காட்டினான்.

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த கை இல்லை. அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் வந்து உட்காரப் பதினாறு நாள் ஆனது. கைக்குட்டையை எடுக்க இன்னும் ஒரு வாரம். ஒரு முறைகூட அவள் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. கேட்காதே என்று மாதேஸ்வரி சொல்லிவைத்திருப்பாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துமணி வந்தான். கையில் ஒரு உறை. படியேறி வந்து வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தான். சென்றாயன் சுவரில் மூன்று தலையணை அடுக்கி அதில் சாய்ந்திருந்தான். ஸ்வாதி அவன் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எல்லாருக்கும் செக்கப் நடந்துச்சு மாமா. எனக்குன்னு தனியா இத குடுத்தாங்க. நாளைக்குக் கையெழுத்து போட்டுக் கொண்டாரச் சொன்னாரு சார். என்னான்னு பாரு."

சென்றாயன் பிரித்தான். அதே காகிதம். அதே மூன்று சொற்கள். பெயரும் வயதும் மட்டும் வேறு. வயது இருபத்தேழு.

"என்னா மாமா எழுதியிருக்குது?"

சென்றாயன் வாயைத் திறந்தான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்து முத்துமணி காத்திருந்தான். மாதேஸ்வரி வெங்காயத்தை வைத்துவிட்டுப் பார்த்தாள். தம்பி கொண்டுவந்தது கணவனுடைய காகிதம் மாதிரியே இருந்ததை அவளும் கண்டுகொண்டாள். பிறகு மகளைப் பார்த்தாள். வைத்த வெங்காயத்தை மறுபடி எடுத்து உரித்தாள்.

"ஒனக்குக் குடுத்ததும் இதானே?" என்றான் முத்துமணி.

சென்றாயன் தலையசைத்தான்.

"நீ போட்டேல்ல?"

"போட்டேன்."

"அவ்ளோதான. அப்ப நான் எதுக்கு யோசிக்கறது. டிக்ஷனரியே போட்டிருக்குது." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "பேனா இருக்குதாடி ஸ்வாதி?"

ஸ்வாதி தன் பேனாவைக் கொடுத்தாள். சென்றாயனின் கை பாதி தூரம் எழுந்தது. ராஜேஷ்குமார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது அவனுக்குக் காதில் இருந்தது. பழைய பேப்பர்தான் நிக்கும். காலடியில் மகளின் முதுகு அவன் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சூடு ஒரு வருஷம் கழித்துக் கிடைத்தது. எழுந்த கை போர்வையின் மேல் இறங்கியது.

எழுதத் தட்டையாக எதுவும் அகப்படாமல் முத்துமணி அலமாரியிலிருந்து ஹாட் பாக்ஸை எடுத்து மடியில் வைத்தான். நீல மூடியின் மேல் காகிதத்தை விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டான். உறைக்குள் வைத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டான்.

"வர்றேங்க்கா. ரெண்டாவது ஷிப்ட்டு."

அவன் இறங்கிப் போனது கேட்டது. நாலாவது படியில் நின்று இருமினான். மறுபடி இறங்கினான். மறுபடி நின்றான்.

ஸ்வாதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் காதைத் தீட்டினாள். பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்தாள்.

"மாமா இருமுதுப்பா. நான் கட்டிக்கட்டுமா?"

சென்றாயன் அவளைப் பார்த்தான். ஒரு முழு வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவனுக்கு நேரம் பிடித்தது.

"வேணாம் கண்ணு" என்றான். "அது தொத்தாது."